ஓய்வுக்காலத்துக்கு ஒரு பழைய சொகுசு ஹைபிரிட் கார்: எதை வாங்கலாம்?

மாலைவெயில்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு இறுதியில் பணி ஓய்வு பெறுகிறேன். கணவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். அலுவலகம் போய்வரவென்று வாங்கிய சின்னக் காரை விற்றுவிட்டு, இனி பத்து ஆண்டுகளுக்கு எங்களைச் சுமக்கப்போகிற ஒரு காரை வாங்க நினைக்கிறோம். இரைச்சல் இருக்கக் கூடாது, குலுங்கக் கூடாது, நெடும்பயணம் போய் இறங்கினால் உடம்பு வலிக்கக் கூடாது. அதற்காகத்தான் சொகுசு கார். புதிது வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே மதிப்பு இறங்கும் ஒரு பொருளில் சேமிப்பைக் கொட்ட மனமில்லை. ஐந்து முதல் எட்டு ஆண்டு பழைய வண்டி போதும்.

பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களைத்தான் பார்க்கிறோம். பட்டியலில் இருப்பவை: லெக்சஸ் இஎஸ் 300எச், லெக்சஸ் ஆர்எக்ஸ் 450எச், வால்வோ எக்ஸ்சி90 டி8. கணவருக்கு லெக்சஸ் எல்எஸ் 600எச் மீது நெடுநாள் ஆசை. அது இன்னும் பழையதாகத்தான் கிடைக்கும் என்று தெரிந்தும் அதன் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாரத்தில் சில நாள் பக்கத்துத் தெருக்களுக்குள் ஓட்டம். சில மாதங்களுக்கு ஒருமுறை நீண்ட பயணம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கினால் கார் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். பெட்ரோல் செலவு குறைந்தால் நல்லதுதான், அது முதல் காரணமல்ல.

பேட்டரியை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. எட்டு ஆண்டு பழைய பேட்டரி எங்கள் கையில் வந்ததும் செத்துவிட்டால் என்ன செய்வது?

பட்டறைக்காரன்

அம்மா, ஹைபிரிட் வண்டிகளைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பேட்டரியை அடுத்துப் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வகை ஹைபிரிட் என்பதை. ஹைபிரிட் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இயந்திரங்கள் இருக்கின்றன.

டொயோட்டா 1997-இல் முதல் பிரியஸில் கொண்டுவந்த அமைப்பையே லெக்சஸும் பயன்படுத்துகிறது. என்ஜினின் சக்தியைக் கோள் பற்சக்கரத் தொகுதி ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, மறு பங்கு மின்சாரமாகிறது. பெரிய மின்மோட்டார்கள் இரண்டு. அவற்றில் ஒன்றே என்ஜினையும் கிளப்புகிறது, மின்சாரமும் உண்டாக்குகிறது. எனவே தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது. தேய்ந்துபோகக் கிளட்ச் இல்லை. வழுக்கவோ அறுந்துபோகவோ இரும்புப் பட்டையும் இல்லை. பெயரில் சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கி கியர்பெட்டி) என்று இருந்தாலும் பட்டையில் ஓடும் சாதாரண சிவிடி வேறு, இது வேறு.

சில ஐரோப்பிய நிறுவனங்கள் வேறு வழியில் போயின. 2009-இல் வந்த மெர்சிடீஸ் எஸ்400 ஹைபிரிட்டில் என்ஜினுக்கும் ஏழு வேகத் தானியங்கி கியர்பெட்டிக்கும் நடுவில் ஒரு மோட்டாரைச் சொருகினார்கள். லித்தியம் அயான் பேட்டரியோடு சந்தைக்கு வந்த முதல் ஹைபிரிட் கார் அதுதான். பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை. ஆனால் சாதாரண காரில் பழுதாகக்கூடிய அத்தனையும் அப்படியே இருக்க, அதன் மேல் ஹைபிரிட்டின் பாகங்களும் சேர்ந்துகொண்டன. வாரண்டி இருக்கும்வரை அது நிறுவனத்தின் கவலை. அதற்குப் பிறகு உங்கள் கவலை.

இனி பேட்டரி. இஎஸ் 300எச்சில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. 34 தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 6 கலங்கள், மொத்தம் 204 கலங்கள். கலத்துக்கு 1.2 வோல்ட் வீதம் 244.8 வோல்ட். இந்தப் பேட்டரியை வண்டி ஒருபோதும் முழுமையாக நிரப்புவதும் இல்லை, முழுமையாக வற்றவிடுவதும் இல்லை. நடுவில் ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. நீடித்து உழைப்பதன் ரகசியம் இதுதான். பத்து ஆண்டைத் தாண்டியும் முதல் பேட்டரியோடு ஓடும் வண்டிகள் என் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. கெடாது என்று சொல்லவில்லை. கெடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க முடியும், கெட்டால் மாற்ற முடியும். எந்தக் காரை வாங்கப்போகிறீர்கள் என்று முடிவானதும் சொல்லுங்கள், சோதிக்கும் விதத்தை விரிவாக எழுதுகிறேன்.

வரவுசெலவு

சேமிப்பைப் பற்றிச் சொன்னதால் இதை எழுதுகிறேன். ஹைபிரிட் என்றாலே பெட்ரோல் மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். ஆண்டுக்கு மிகக் குறைவாக ஓட்டும் ஒருவருக்கு அந்த மிச்சம் காரின் விலை வித்தியாசத்தை ஈடுகட்டாது. நீங்கள் ஹைபிரிட் வாங்குவது அமைதிக்காகவும் குறைந்த தேய்மானத்துக்காகவும் என்றால் சரி. மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம்.

பழைய சொகுசு காரில் வாங்கும் விலை இறங்குகிறது, பராமரிப்புச் செலவு இறங்குவதில்லை. புதிதாக இருந்தபோது என்ன விலையோ அந்தத் தரத்துக்கு ஏற்றபடிதான் உதிரிபாகங்களின் விலை இன்றும் இருக்கும். எனவே கையில் இருக்கும் தொகை முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஹைபிரிட் பேட்டரியை மாற்ற உங்கள் ஊரில் என்ன ஆகும் என்று முதலில் விசாரியுங்கள். அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு எந்தக் கார் வருகிறதோ அதை வாங்குங்கள். பேட்டரி கெடாமல் இருந்தால் பணம் உங்களிடமே இருக்கும். கெட்டால் தூக்கம் கெடாது.

இன்னொன்று. டொயோட்டா காம்ரி ஹைபிரிட்டுக்கும் இஎஸ் 300எச்சுக்கும் என்ஜினும் மோட்டாரும் அடிப்படையில் ஒன்றுதான். பெயர் முக்கியமில்லை என்றால் காம்ரியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பின்னிருக்கை

காம்ரியில் பலமுறை பயணம் செய்திருக்கிறேன், இஎஸ் கார்களிலும் செய்திருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. பயணி என்ற தகுதியில் மட்டும் பேசுகிறேன். இயந்திரம் ஒன்றாக இருக்கலாம், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போன பிறகுதான் வேறுபாடு தெரியும். இஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்தபடி முன்னால் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம். காது மங்கத் தொடங்கிய என் தாயார் அந்தக் காரில்தான் எங்கள் பேச்சில் கலந்துகொள்கிறார். வயதானவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. இதற்குக் கொடுக்கும் பணம் வீண் என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

சக்கரத்தின் அளவையும் பாருங்கள். ஒரே மாடலில் 17 அங்குலச் சக்கரமும் இருக்கும், 18, 19 அங்குலமும் இருக்கும். பெரிய சக்கரத்துக்கு டயரின் பக்கச்சுவர் மெலிதாக இருக்கும். படத்தில் பார்க்க அழகு. பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்புக்குத் தெரியும். சின்னச் சக்கரம் உள்ள வண்டியைத் தேடி வாங்குங்கள்.

நீள்வழி

ஆர்எக்ஸ் 450எச் வைத்திருக்கிறேன், 2015-இல் வந்த வடிவம். 3.5 லிட்டர் வி6 என்ஜின். முன்பக்கம் ஹைபிரிட் அமைப்பு, பின்சக்கரங்களுக்குத் தனியாக ஒரு மின்மோட்டார். முன்னிருந்து பின்னுக்குப் போகும் இரும்புத் தண்டே கிடையாது. மழையில் ஏற்றத்தில் வண்டி தயங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்கையின் உயரம். இறங்கி உட்கார வேண்டாம், ஏறியும் உட்கார வேண்டாம், அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து அமர்ந்துவிடலாம். மூட்டு வலி உள்ளவர்கள் இஎஸ் போலத் தாழ்வாக இருக்கும் செடானைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இயன்முறை

மேலே நண்பர் சொன்னது பலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. முதியவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை அளிப்பது என் தொழில். உயரம் குறைந்தவர்களுக்கு ஆர்எக்ஸ் போன்ற வண்டியில் கால் தரையைத் தொடாமல் இறங்க நேரிடும். செடானில் எழுவதற்குச் சிரமப்படுபவரைவிட, உயரமான வண்டியிலிருந்து ஒரு காலை ஊன்றித் தடுமாறுபவரே விழுவதற்கு அதிக வாய்ப்புள்ளவர். எனவே எந்த வகை என்று முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். இருவரும் நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

கதவைத் திறந்து, காருக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் அமருங்கள். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். அமர்ந்த நிலையில் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் எழும்போது தொடைக்கும் முழங்காலுக்கும் பாரம் ஏறும். திரும்பும்போது தலை கூரை விளிம்பில் இடிக்கிறதா, குனிய வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூரை சரிந்து வடிவமைக்கப்பட்ட செடான்களில் பின்கதவுப் பக்கம் இது பெரிய தொல்லை. கீழ்ப்படி அகலமாக இருந்தால் காலை எட்டி வைக்க வேண்டியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

அடுத்து, கதவைப் பாதி மட்டும் திறந்து இறங்கிப் பாருங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் பக்கத்துக் கார் ஒட்டி நின்றால் அவ்வளவு இடம்தான் கிடைக்கும். வாடிக்கையாளர்கள் இதை மறந்துவிடுவார்கள். விற்பவர் காரை வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருப்பார், கதவு முழுதாகத் திறக்கும், எல்லாம் வசதியாகத் தோன்றும்.

முக்கியமாக, இந்தச் சோதனையை ஒரு மணி நேரமாவது ஓட்டிவிட்டு வந்து மறுபடி செய்யுங்கள். உடம்பு விறைத்த பிறகு இறங்குவதுதான் உண்மையான சோதனை. கழுத்தை முழுதாகத் திருப்ப முடியாதவர் என்றால் பக்கவாட்டு எச்சரிக்கை விளக்கும் பின்புறக் கேமராவும் கட்டாயம் இருக்க வேண்டும். தோல் இருக்கையைவிட, மரப்பலகை அலங்காரத்தைவிட அவையே உங்களுக்கு வேண்டிய சொகுசு.

மின்னேற்றி

எல்லோரும் லெக்சஸ் பக்கமே நிற்பதால் வால்வோவுக்காகப் பேசுகிறேன். அம்மாவின் ஓட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டைச் சுற்றித்தான். எக்ஸ்சி90 டி8 வெளியிலிருந்தும் மின்னேற்றக்கூடிய செருகு ஹைபிரிட். அதை இரவில் வீட்டில் மின் இணைப்பில் செருகி வைத்தால் அந்த ஓட்டம் முழுவதும் மின்சாரத்திலேயே முடிந்துவிடும், என்ஜின் கிளம்பவே கிளம்பாது. அதைவிட அமைதி எங்கே கிடைக்கும்? இருக்கைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், முதுகு வலிக்காரர்கள் வால்வோ இருக்கையைத்தான் கேட்கிறார்கள்.

பட்டறைக்காரன்

இருக்கையைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அம்மா வாங்கப்போவது பழைய வண்டி. டி8 2015-இல் வந்தபோது அதன் பேட்டரி 9.2 கிலோவாட் மணி. புதிதாக இருந்தபோதே மின்சாரத்தில் சுமார் 40 கிலோமீட்டர் என்றுதான் சொன்னார்கள். எட்டு ஆண்டு கழித்து அது இன்னும் குறைந்திருக்கும். செருகு ஹைபிரிட்டின் பேட்டரி ஒவ்வொரு நாளும் ஆழமாக வற்றி நிரம்புகிறது. நான் முன்பு சொன்ன நடுப்பகுதிப் பாதுகாப்பு அதற்கு அந்த அளவுக்கு இல்லை. முன்பக்கம் 2 லிட்டர் என்ஜின், அதில் டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்து இருக்கின்றன. பின்பக்கம் மோட்டார். நடுவில் பேட்டரி. சில வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் காற்று சஸ்பென்ஷன். ஓட்ட அருமையான வண்டி. வாரண்டி முடிந்த பிறகு ஓய்வூதியத்தில் பராமரிக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்னேற்றி

வாரண்டி மீதமிருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்கலாமே? அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் வாங்கினால் நீட்டித்த வாரண்டியும் கிடைக்கும். பேட்டரியின் நலத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம். சிக்கலான இயந்திரம் என்பதாலேயே ஒதுக்கினால் உலகில் நல்ல கார் எதையும் வாங்க முடியாது.

பட்டறைக்காரன்

வீட்டில் செருகி வைக்க வசதியும் பத்து ஆண்டுக்கு வாரண்டியும் இருந்தால் வாங்கட்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது.

வரவுசெலவு

மின்னேற்றி சொன்ன எழுத்து விஷயம் எந்தக் காருக்கும் பொருந்தும். பல நாடுகளில் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று தனி வாரண்டி இருக்கிறது. காரின் பொது வாரண்டி முடிந்த பிறகும் அது தொடரலாம். முதல் விற்பனை நாளிலிருந்து கணக்கு, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா, சர்வீஸ் தவறாமல் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாலைவெயில்

இத்தனை அக்கறையான பதில்களை எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. இயன்முறையாளர் சொன்னபடியே இருவரும் போய் உட்கார்ந்து பார்த்தோம். ஆர்எக்ஸில் என் கணவர் சுலபமாக ஏறி இறங்கினார். நான் குட்டை, எனக்குக் கால் எட்டவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இஎஸ்ஸில் இருக்கையை மேலே உயர்த்திக்கொண்டதும் இருவருக்கும் வசதியாக இருந்தது. எக்ஸ்சி90 இருக்கை உண்மையிலேயே அருமை, ஆனால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் செருகி வைக்க வசதியில்லை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

எல்எஸ் 600எச் பற்றி யாரும் எழுதவில்லையே. கணவர் கேட்கிறார்.

நீள்வழி

அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 2007-இல் வந்தபோது 5 லிட்டர் வி8 என்ஜினோடு நான்கு சக்கரங்களுக்கும் சக்தி கொடுத்த ஹைபிரிட். அதன் பின்னிருக்கையில் உட்கார்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பேட்டரி பின்னிருக்கைக்குப் பின்னால் இருப்பதால் அத்தனை பெரிய காருக்கு டிக்கி சின்னது. நெடும்பயணத்துக்கு இரண்டு பெரிய பெட்டிகளே நெருக்கும்.

பட்டறைக்காரன்

காற்று சஸ்பென்ஷன், வி8, ஆயிரம் மின்னணு வசதிகள், மிகக் குறைவாக விற்ற மாடல். உதிரிபாகத்துக்கு நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஐயாவிடம் சொல்லுங்கள், நல்ல நிலையில் உள்ள ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு நெடும்பயணம் போய்வரலாம். அந்தக் காரை ரசிக்க அதுவே சிறந்த வழி என்று மனமாரச் சொல்கிறேன்.

இஎஸ் என்றால் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 2012-இல் வந்ததில் பேட்டரி பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. டிக்கி குறையும். 2018-இல் வந்த அடுத்த தலைமுறையில் பேட்டரியைப் பின்னிருக்கைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். டிக்கி முழுதாகக் கிடைக்கும், வண்டியின் எடை தாழ்ந்து நிற்பதால் வளைவில் சாய்வும் குறைவு. என்ஜினும் புதிது. உங்கள் வயது வரம்புக்குள் அது வருகிறது.

இயன்முறை

அந்தத் தலைமுறையில் திரையை இயக்க இருக்கைகளுக்கு நடுவில் ஒரு தொடுபலகை கொடுத்திருந்தார்கள். விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கு அதில் அம்புக்குறியை நிறுத்துவதே பாடு. 2021-இல் மேம்படுத்திய வடிவத்தில் தொடுதிரை வந்துவிட்டது, திரையும் கைக்கு அருகில் வந்தது. முந்தைய வண்டி என்றால், ஓட்டாமல் நிற்கும்போது வானொலியை மாற்றிப் பாருங்கள், வழிகாட்டியில் ஓர் இடத்தைத் தேடிப் பாருங்கள். எரிச்சல் வந்தால் அந்த எரிச்சல் பத்து ஆண்டுக்கும் தொடரும்.

மாலைவெயில்

2018 தலைமுறை இஎஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரே உரிமையாளர், அவரும் முதியவர். ஆண்டுகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே ஓடியிருக்கிறது. நீண்ட காலம் வீட்டிலேயே நின்றிருக்கிறது. விற்பவர் இதைப் பெரிய சிறப்பாகச் சொல்கிறார். கணவரும் மகிழ்ச்சியில் இருக்கிறார். எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது.

பட்டறைக்காரன்

உங்கள் உறுத்தல் சரியானது. பெட்ரோல் காருக்கே சும்மா நிற்பது நல்லதல்ல. ஹைபிரிட்டுக்கு இன்னும் கெடுதல். அளவாகத் தொடர்ந்து ஓடி, சர்வீஸ் புத்தகம் நிரம்பிய வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் இதை ஒதுக்க வேண்டும் என்றில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் போவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் மூடியில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த வண்டியில் பொத்தானை அழுத்தினால் ‘ரெடி’ விளக்கு எரிய வேண்டும், சற்று நேரத்தில் என்ஜின் தானாகக் கிளம்பிச் சிறிது நேரம் ஓடி நிற்க வேண்டும். அந்த முதல் ஓட்டத்தில் தடதடவென்று நடுக்கம் இருக்கக் கூடாது. 2009-இல் வந்த பிரியஸிலும் அதே 1.8 லிட்டர் என்ஜின் கொண்ட லெக்சஸ் சிடி 200எச்சிலும், புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து என்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் பாதை கரி பிடித்து அடைத்துக்கொள்வதும் பிறகு என்ஜின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போவதும் தெரிந்த கதை. இஎஸ்ஸின் 2.5 லிட்டர் என்ஜின் வேறு என்றாலும், குளிர்ந்த நிலையில் கேட்கும் சத்தம் எந்த என்ஜினைப் பற்றியும் உண்மையைச் சொல்லும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். திரையில் பேட்டரியின் அளவைக் காட்டும் கோடுகள் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். ஓர் ஏற்றத்தில் மளமளவென்று வற்றி, இறக்கத்தில் உடனே நிரம்பினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். இதோடு நிறுத்தாமல், ஹைபிரிட் தெரிந்த பட்டறையில் சோதனைக் கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள். பேட்டரியின் தொகுப்புகள் ஜோடி ஜோடியாக வோல்ட் காட்டும். வண்டி நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோல் தெரியும், அதை நம்பாதீர்கள். வேகமெடுக்கும்போது ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றை விட்டுத் தெளிவாகக் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

பின்னிருக்கைப் பக்கம் காற்றை உள்ளே இழுக்கும் ஒரு துவாரம் இருக்கும். பேட்டரியைக் குளிர்விப்பது அந்தக் காற்றுதான். அங்கே வடிகட்டியில் தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால், இத்தனை நாள் பேட்டரி வெந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

பிரேக்கைப் பாருங்கள். ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடும், பிரேக் கட்டைகள் தேயாது. அதுவே நின்ற வண்டியில் தொல்லை. தட்டுகள் துருப்பிடித்திருக்கும், கட்டைகளைத் தட்டோடு அழுத்தும் காலிப்பரின் ஊசிகள் இறுகியிருக்கும். காரை நிறுத்திய பின் பிரேக் பம்ப் ஓயாமல் மறுபடி மறுபடி ஓடினால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். அந்தப் பாகம் விலை உயர்ந்தது.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயவில்லை என்பதற்காகப் பழைய டயரில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் அங்கே மண் படிவோ புளித்த வாடையோ இருக்கும். உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். இணைப்புகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

பின்னிருக்கை

டிக்கியைத் திறக்கும்போது ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஹைபிரிட்களில் இருக்காது, ஒட்டும் திரவமும் ஒரு சிறு பம்ப்பும்தான் இருக்கும். இரவில் பக்கச்சுவர் கிழிந்தால் அவை உதவாது.

மாலைவெயில்

வாங்கிவிட்டோம்! பட்டறைக்காரர் சொன்ன அத்தனையையும் தாளில் எழுதிக்கொண்டு போனோம். என்ஜின் குளிர்ந்திருந்தது, சத்தமில்லாமல் கிளம்பியது. சோதனைக் கருவியில் எல்லா ஜோடிகளும் சேர்ந்தே இறங்கிச் சேர்ந்தே ஏறின. வடிகட்டியில் மெல்லிய தூசிப் படலம் மட்டும். நான்கு டயரும் பழையவை, பின் பிரேக் தட்டுகளில் துரு. இரண்டையும் சொல்லி விலையைக் குறைத்தோம். சர்வீஸ் ஆண்டுதோறும் தவறாமல் நடந்திருக்கிறது, ஓட்டம் குறைவாக இருந்தும் எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் காரை நேசித்திருக்கிறார். அதுதான் எங்களை முடிவெடுக்க வைத்தது. ஐயா வரவுசெலவு, பேட்டரிக்கான தொகையைத் தனியாக வைப்பு நிதியில் போட்டுவிட்டோம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஆறு வாரம் கார் நிற்கும். என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்?

பட்டறைக்காரன்

நல்ல வண்டி அமைந்ததில் எனக்கும் மகிழ்ச்சி.

ஆறு வாரத்தில் பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. தொல்லை கொடுப்பது 12 வோல்ட் சின்னப் பேட்டரி. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி ‘ரெடி’ ஆகாது, மின்பூட்டும் திறக்காது. நிழலில் மின்சார வசதி இருந்தால் அந்தப் பேட்டரிக்கு ஏற்ற சார்ஜரைப் பொருத்திவிட்டுப் போகலாம். உங்கள் குடியிருப்பில் அது முடியாது என்பதால், நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ‘ரெடி’ நிலையில் வைக்கச் சொல்லுங்கள். என்ஜின் தானாகக் கிளம்பும், எனவே மூடிய கொட்டகைக்குள் வைத்து இதைச் செய்யவே கூடாது. புகை உயிருக்கு ஆபத்து. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது, பிரேக் தட்டுகளின் துருவும் போய்விடும்.

இரண்டு சாவிகளையும் காருக்கு அருகில் வைக்காதீர்கள். சில வண்டிகள் சாவி பக்கத்தில் இருந்தால் உறங்காமல் மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். சாவிக்குள் ஒரு சிறு உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுத்து ஓட்டுநர் கதவைத் திறக்க இருவரும் பழகிக்கொள்ளுங்கள். போகுமுன் டயரில் காற்றைச் சரியாக நிரப்புங்கள். அந்தப் பழைய டயர்களை மாற்றுவதை மட்டும் திரும்பி வந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே புது டயர் போட்டுவிடுங்கள்.